கைப்பிடி இல்லாத குளியலறை

பாப்லு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "பாத்ரூம் எப்படிம்மா இருக்கு? அப்பா சௌகரியமா குளிக்கிறாரா?" என்று கேட்டாய். "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை. பாத்ரூமும் நன்றாக இல்லை. உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைப் போனில் சொன்னால் நீ "அம்மா, கூல்" என்பாய். பக்கத்து அறையிலிருந்து உன் அப்பா "அவனை எதுக்குப் போட்டுப் படுத்துறே?" என்பார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் கோபத்தை ஒரு தலைவலியாக மாற்றி, மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்வீர்கள். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். கல்கத்தாவில் பிறந்து, பக்கத்து வீட்டு அண்ணி, நம் பௌதி, வைத்த செல்லப் பெயரோடு வளர்ந்த உனக்கு வங்காளம் ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அப்படியே படி. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் இதை நீ அவசரப்படாமல் படித்தாக வேண்டும்.

டாக்குரியாவில் இந்த மூன்றாம் மாடி வீட்டை வங்கிக் கடனில் வாங்கியபோது நீ பள்ளிக்கூடச் சிறுவன். மூன்று பேருக்கும் ஒரே குளியலறை. சிவப்பு சிமெண்டுத் தரை, மூலையில் ஒரு படி உயரத்தில் இந்தியன் கக்கூஸ், சுவரில் ஒரே ஒரு பித்தளைக் குழாய், பம்பு ஓடாத நேரத்துக்காகத் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம். போர் தண்ணீரில் இரும்பு அதிகம் என்பதால் வெள்ளையாக எது இருந்தாலும் சீக்கிரமே டீ நிறத்துக்கு வந்துவிடும். அந்த அறையில்தான் உன் அப்பா காலையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சுதி சேராமல் ஏதோ முனகிக்கொண்டு, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வார். ஒருநாள் பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று நீ கதவைத் தட்டி, "அப்பா, ஸ்கூல் பஸ் வந்துடும்!" என்று அலறினாய். உள்ளேயிருந்து பதில் வந்தது: "பஸ்ஸை நிக்கச் சொல்லு!" நீ குளிக்காமலே போய்ப் பரீட்சை எழுதினாய். அவர் வளர்ந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஒண்டுக்குடித்தனம் மாதிரி நெருக்கியடித்த ஒரு குடும்பத்தில். அங்கே ஒரு மனிதன் தனியாக இருக்கக்கூடிய ஒரே இடம் குளியலறை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குளிக்கும்போது நான் அந்தக் கதவைத் திறந்ததில்லை. போன மாசி மாதம் வரைக்கும்.

மாசியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தபோது நீ பெங்களூரிலிருந்து ஓடி வந்தாய். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைக் கைத்தாங்கலாக நடக்க வைத்தாய், டாக்டரிடம் இங்கிலீஷில் நிறையக் கேள்வி கேட்டாய், லேசான ஸ்ட்ரோக்தான் என்று தெரிந்ததும் ஒரு வாரத்தில் திரும்பிப் போனாய். அதன்பிறகு பேச்சு சரியானது. கால் சரியானது. ஏரியைச் சுற்றி நடக்கிறார், லேக் மார்க்கெட் போய்க் காப்பிப்பொடி அரைத்துக்கொண்டு வருகிறார். இரண்டு விஷயம் மட்டும் திரும்பி வரவில்லை. இடது கை விரல்களால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. இன்னொன்று, கண்ணைத் திறந்திருக்கும் வரை நேராக நிற்பவர், கண்ணை மூடிய மறுகணம் இடது பக்கம் சாய்ந்துவிடுவார். ஒரு மனிதன் எப்போதெல்லாம் கண்ணை மூட வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பார். தூங்கும்போது, சாமி கும்பிடும்போது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது. முதல் இரண்டையும் படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ செய்துவிடலாம். மூன்றாவதற்கு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுப் பார்த்தோம். ஸ்டூலோடு சேர்ந்து சாய்ந்தார். அன்றிலிருந்து நான்தான் அவரைக் குளிப்பாட்டினேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். ஐம்பத்தைந்து வயதில், ஒரு வங்கிக் கிளையையே நடத்திய மனுஷன், "ஆச்சா? ஆச்சா?" என்று மட்டும் கேட்பார்.

இது எதுவும் உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அதற்குள் நீ உன் ஆபீஸில் வேலை பார்க்கும் வித்யாவைப் பற்றிச் சொல்லியிருந்தாய். அவர்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்திருந்தது. "கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். நம் குடும்பங்களில் இது ஒரு வியாதி, பாப்லு. வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டால் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகக்கூடாது. என் சித்தி மஞ்சள் காமாலையை மறைத்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகளுக்குத் தாம்பூலம் மாற்றினாள். என் கல்யாணத்தில் என் பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை. சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்துச் சமையல்காரரை ஆரத் தழுவினார். இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லி வளர்ந்தவள் நான். ஆனால் என் வீட்டிலேயே அது நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு சம்மதித்தேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: குளியலறையை இடித்துக் கட்ட வேண்டும், இவர் கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்கிற மாதிரி.

உன் அப்பா வங்கி வேலையை விட்டபோது வந்த பணத்தில் உன் கல்யாணத்துக்கு ஒதுக்கியது போக மிச்சம் இருந்ததுதான் பட்ஜெட். பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் யோசித்து யோசித்துச் செய்தேன். நான் டீச்சர் வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து வந்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "கையை நீட்டுங்க" என்றேன். வலது கை எட்டும் இடத்தில் குழாய். இடது கை விரல்களால் பிடிக்க முடியாது, ஆனால் முழங்கையை மடக்கி ஒரு கம்பியில் மாட்டிக்கொள்ள முடியும். அந்த உயரத்தில் ஒரு கோடு. புதிதாக வைக்கிற கமோடிலிருந்து எழும்போது வலது கை தேடும் இடத்தில் இன்னொரு கோடு. உட்கார்ந்து குளிக்கச் சுவரோடு சேர்த்து செங்கல்லில் ஒரு சின்ன மேடை. அவரும் கொஞ்சம் கொஞ்சமாக உற்சாகமாகிவிட்டார். "இந்தா, அந்தக் கோட்டை ஒரு விரல்கடை இறக்கு" என்றார். எத்தனையோ மாதம் கழித்து எனக்கு உத்தரவு போடுகிறார் என்று சந்தோஷப்பட்டேன். எதில் செலவழிப்பது, எதில் இறுக்குவது என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். சுவருக்குள் போகிற குழாயிலும், கை படுகிற இடத்திலும், கால் படுகிற தரையிலும் காசைப் போடுவது. கண் மட்டும் படுகிற இடத்தில் மிச்சம் பிடிப்பது. புறங்கையால் தட்டினாலே திறக்கிற நீளப்பிடிக் குழாய் விலை அதிகம்; அதை வாங்க வேண்டும். சுவர் டைல்ஸ் சாதா வெள்ளை போதும். வாஷ்பேசின், ஓரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு சிறு பிசகு இருந்ததால் விலை குறைத்துக் கொடுத்தது. கண்ணாடி வைத்த அலமாரி, டவல் வளையம், சோப்புக்கு சிப்பி மாதிரி தட்டு, எதுவும் வேண்டாம். நீயும் ஒருநாள் வீடு வாங்குவாய். இந்தக் கணக்கை வைத்துக்கொள்.

கரியாஹாட்டில் தத்தா பாபுவின் கடைக்கு நான்கைந்து முறை நடந்தேன். மனிதர் ஒவ்வொரு தடவையும் இளஞ்சிவப்பில் கமோடும் பேசினும் சேர்ந்த ஒரு செட்டைத் துடைத்துத் துடைத்துக் காட்டுவார். நான் கைப்பிடிக் கம்பி கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "பௌதி, இதை நர்சிங் ஹோம்காரங்கதான் வாங்குவாங்க. வீட்டுல மாட்டினா, வர்ற விருந்தாளியெல்லாம் உள்ள போய்த் தன்னோட நாடியைப் பிடிச்சுப் பாத்துக்குவான்" என்றார். "பாக்கட்டுமே. எங்க வீட்டுல சாப்பாடும் போட்டு வைத்தியமும் ஓசியில பாத்தோம்னு சொல்லிக்கலாம்" என்றேன். சிரித்துவிட்டு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, முன்பணம் கட்டி, துர்கா பூஜைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்று கொத்தனார் ரொத்தன் மிஸ்திரியிடம் பேசி முடித்தேன். மகாளயத்துக்குப் பிறகு இந்த ஊரில் எந்த மிஸ்திரியும் கைக்கு அகப்படமாட்டான் என்பது உனக்கே தெரியும். பழையதை இடித்து, குழாய் பதிக்கும் வரை கூடவே நின்றேன். அந்தச் சமயம் பார்த்து ஜாம்ஷெட்பூரில் உன் பெரியம்மாவுக்கு ஆபரேஷன். நான் போக வேண்டியதாயிற்று.

நான் இல்லாத அந்த வாரத்தில் நீ போன் செய்தாய். பூஜை பார்க்க வித்யாவின் அப்பா அம்மா பூனாவிலிருந்து வரப்போகிறார்கள், அஷ்டமி அன்று நம் வீட்டில் சாப்பாடு என்று முடிவாகியிருந்தது. வீடு எப்படி இருக்கிறது, பாத்ரூம் என்ன ஆயிற்று என்று விசாரித்தாய். அப்பா, பாவம், நான் வாங்கியிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நீ என்ன சொன்னாய் என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். "கம்பியா? எதுக்குப்பா கம்பி? ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமேப்பா. அவங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க? யாருக்கு அது?" அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. "எனக்கு எதுக்குடா கம்பி? உங்கம்மாவுக்குத்தான் பயம்." நீயும் உடனே, "அம்மா எப்பவுமே ஓவர்ப்பா" என்றாய். அவ்வளவுதான். என்னுடைய அத்தனை சாக்பீஸ் கோடும் ஒரு பயந்தாங்கொள்ளியின் கிறுக்கலாகிவிட்டது. அப்பாவிடம் நம்பர் வாங்கி நீயே தத்தா பாபுவிடம் பேசினாய். கம்பி வேண்டாம், மேடை வேண்டாம், தரைக்கும் சுவருக்கும் பளபளக்கிற டைல்ஸ், குளிக்கிற இடத்தைத் தடுக்க கண்ணாடி, மேலே வட்டமாக ஒரு ஷவர், கூடுதல் பணத்தை நான் அனுப்புகிறேன் என்றாய். என் சகோதரி வீட்டில் போன் இருந்தது. என் கையில் நீ வாங்கிக் கொடுத்த மொபைல் இருந்தது. அந்த வாரம் இரண்டு தடவை என்னோடு பேசினாய். பெரியம்மாவின் தையலைப் பற்றிக் கேட்டாய். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். "சரி" என்று சொல்லக்கூடிய ஆளிடம் மட்டும் கேட்பது என்று முடிவு செய்துவிட்டாய்.

நான் திரும்பி வந்து பெட்டியைக் கீழே வைப்பதற்குள் உன் அப்பா என் கையைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துக்கொண்டு போனார். விளக்கைப் போட்டார். சினிமாவில் காட்டுகிற பாத்ரூம்தான். ரொத்தன் மிஸ்திரி வாசலில் நின்று, "ஃபைவ் ஸ்டார், பௌதி!" என்றான். "மேடை எங்கே?" என்று கேட்டேன். "கம்பி எங்கே?" அப்பா ஷவரைத் திறந்து காட்டினார். நம் தலைக்கு மேலேயே தொட்டி; தண்ணீர் இறங்கி வர உயரம் எங்கே இருக்கிறது? துணி பிழிந்த மாதிரி நாலு இழை ஒழுகியது. "பம்பு போட்டா வேகமா வரும்" என்றார், ஷவருக்காக மன்னிப்புக் கேட்பவர் போல. நீ இந்த வீட்டில் வளர்ந்தவன். மழைக்காலத்தில்கூட வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு, அது நிறைவதற்குள் ஒரு பாடம் படித்து முடித்தவன். மூன்றாம் மாடியில் ஷவர் வராது என்பதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பெங்களூரில் ஒரு ஷோரூமில் பார்த்ததை டாக்குரியாவில் கொண்டு வந்து ஒட்டினாய். அங்கே யார் குளிக்கப் போகிறார், அவருக்கு எந்தக் கை சரியில்லை, இந்த வீட்டுத் தண்ணீர் எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று அவரிடம் போட்ட சண்டையை உனக்கு முழுதாக எழுத முடியாது. "உங்க பையன் கண்ணுக்கு முன்னால நீங்க வியாதிக்காரரா இருக்கக் கூடாதுங்கறதுக்காக என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க" என்றேன். அவர் வெகு நேரம் கண்ணாடித் தடுப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவன் சம்பாதிச்சு முதல் தடவையா வீட்டுக்கு ஒண்ணு செய்யறான். வேண்டாம்னா எப்படிச் சொல்றது?" என் கோபம் போக இடமில்லாமல் நின்றது. அவர் மேல் காட்டினால் உடம்பு சரியில்லாதவர். உன் மேல் காட்டினால் ஆசையாகச் செய்தவன். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தீர்கள். அந்த அன்பின் நடுவில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஒரு வழி இல்லாமல் போயிற்று.

மறுநாள் அவர், "இனிமே நீ வர வேண்டாம். பாத்ரூம்தான் நல்லா ஆயிடுச்சே, நானே பாத்துக்கறேன்" என்றார். நான் பயந்துகொண்டு வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தலை நனைந்து, படிய வாரிக்கொண்டு வெளியே வந்தார். சரி, எப்படியோ சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அஷ்டமிக்கு நீயும் வந்தாய், வித்யாவும் அவள் பெற்றோரும் லேக் மார்க்கெட் பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் தங்கி, மத்தியானம் சாப்பிட வந்தார்கள். நல்ல மனிதர்கள். அந்த அம்மாள் என் புளியோதரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நீ குளியலறைக் கதவை முழுவதுமாகத் திறந்து, பகலிலேயே விளக்கைப் போட்டு வைத்திருந்தாய். "ஃப்ரெஷ் ஆகணும்னா..." என்று நீயே இரண்டு தடவை கை காட்டினாய். "இல்லப்பா, எல்லாம் கெஸ்ட் ஹவுஸ்லயே ஆச்சு" என்றார் அவள் அப்பா. சாப்பிட்ட கையை ஹாலில் இருக்கிற பழைய பேசினில் கழுவினார்கள். ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பாப்லு. அவர்கள் பார்ப்பதற்காகக் கட்டிய குளியலறையை அவர்கள் பார்க்காமலே போனார்கள். அன்று காலை அப்பா ஈரத் தலையோடு வெளியே வந்தபோது நீ என்னைப் பார்த்து, "பாரும்மா, கம்பி இல்லாம எவ்வளவு ஜம்முனு இருக்கார்" என்றாய். ஞாபகம் இருக்கிறதா? நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

தீபாவளி வந்தது. இந்த ஊருக்கு அது காளி பூஜை. நமக்கு எண்ணெய்க் குளியல். விடியற்காலையில் பலகை போட்டு உட்கார வைத்து அவர் தலையில் எண்ணெய் வைத்தேன். என் கையில் ஒட்டிய முடி என்னவோ போல் இருந்தது, பிசுபிசுவென்று, பழைய எண்ணெயும் வியர்வையுமாக. சீயக்காயும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. ஷவர் ஒழுகுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் புது வேட்டி கட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்தார். நான் துவைக்கப் போட்ட துண்டை எடுத்தேன். கனத்தது. நான் வைத்த எண்ணெய் அத்தனையும் அந்தத் துண்டில் இருந்தது. சீயக்காய்க் கிண்ணத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"என்னங்க இது?" என்றேன்.

"துண்டு."

"தலையில தண்ணி ஊத்துனீங்களா, இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கண்ணை மூடணுமே" என்றார்.

"அப்ப இத்தனை நாளா?"

"சீப்பை நனைச்சு வாரிக்குவேன்."

"என்னை ஒரு குரல் கூப்பிட்டா என்ன?"

"எத்தனை நாளைக்குடி கூப்பிடறது?"

புது பாத்ரூம் வந்த நாளிலிருந்து, பூஜை முழுக்க, நீ பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்ட அஷ்டமி அன்றும், அந்த மனிதர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொள்ளவில்லை. கழுத்துக்குக் கீழே மட்டும் நனைத்துக்கொண்டு, நனைத்த சீப்பால் தலையை வாரிக்கொண்டு, நீ செய்து கொடுத்தது நன்றாக இருக்கிறது என்று நமக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார். வெளியே நின்ற நான் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அவரை உட்கார வைத்து நானே தலை தேய்த்துவிட்டேன். சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். தெருவில் பிள்ளைகள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதையாவது தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல் இருந்தது.

உடைத்தேன். காளி பூஜை முடிந்து ரொத்தன் ஊரிலிருந்து திரும்பியதும் வரச் சொன்னேன். "இந்த டைல்ல ட்ரில் போட்டா வெடிக்கும், பௌதி. இதுக்கு நான் பொறுப்பில்லை" என்றான். "வெடிக்கட்டும்" என்றேன். வெடித்தது. கம்பி மாட்டிய இடத்தில் விரிசல் ஓடிய டைல்கள் இருக்கின்றன. நீ வந்தால் பார்க்கலாம். குளிக்கிற பக்கத்துத் தரையில் உன் பளபளப்பைப் பெயர்த்துவிட்டு, சொரசொரப்பான கல் போட்டாயிற்று. செங்கல் மேடை எழும்பிவிட்டது. ஷவர் இருந்த இடத்தில் தாழ்வாக நீளப்பிடிக் குழாய். தத்தா பாபு கண்ணாடியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். அது இப்போது கட்டிலுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது. வேலை நடந்தபோதெல்லாம் அப்பா, "அவன் வருத்தப்படுவான், அவன் வருத்தப்படுவான்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தார். "படட்டும்" என்றேன். நீ வருத்தப்படு, பாப்லு. வருத்தப்பட உனக்கு வயது வந்துவிட்டது.

உனக்குச் செய்யத் தெரிகிறது, நல்ல மனசும் இருக்கிறது, கையில் சம்பளமும் இருக்கிறது. கேட்கத்தான் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வித்யாவுக்கும் நிறையச் செய்வாய். அவள் இல்லாதபோது சமையலறையை மாற்றி வைத்து, ஆச்சரியப்படுத்துகிறேன் என்று நிற்பாய். தயவுசெய்து செய்யாதே. ஒரு பொருளை ஒருத்தருக்காக வாங்குவதற்கு முன், அவர் எப்படி நிற்கிறார், எப்படிக் குனிகிறார், எந்தக் கையை முதலில் நீட்டுகிறார் என்று கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் நம் வீட்டு மனிதர்கள் "ஒண்ணும் வேண்டாம்" என்பார்கள். அதை நம்பாதே. குடும்பத்தில் யாராவது ஒருத்தி பிடிவாதமாக, அசிங்கமாக, செலவு வைக்கிற மாதிரி ஒன்றைக் கேட்டால், அவளை ஓவர் என்று சொல்வதற்கு முன் ஏன் என்று கேள். நான் கேட்டது எனக்காக இல்லை. எனக்காகவே கேட்டிருந்தாலும் நீ என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கடிதம் கிடைத்த வாரமே நீ வித்யாவின் அப்பாவிடம் பேசுகிறாய். உன் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது, இடது கையில் பிடிப்பு இல்லை, கண்ணை மூடினால் சாய்வார், கல்யாண மண்டபத்தில் அவருக்கு முதுகு சாய நாற்காலியும் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும் என்று நீயே சொல்கிறாய். மந்திரம் சொல்லும்போது கண்ணை மூடாமல் விறைத்து நிற்க அவர் இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் பார்த்துவிட்டேன். அந்தக் கூத்து நடக்காது. நீ சொல்லாவிட்டால் நான் பூனாவுக்குப் போன் செய்வேன். இதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் என்றால் பின்வாங்கட்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அம்மாள் படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

இன்று காலை மேடை காய்ந்துவிட்டது என்று ரொத்தன் சொன்னான். உன் அப்பா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் போட்டார். நான் கதவோரம் நின்றேன். குழாயைத் தட்டுகிற சத்தம், வாளி நிறைகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. என் கை கதவுக்குப் போய்விட்டது. "நிக்கறியா அங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இல்லை" என்றேன். "போ, போய் வேலையைப் பாரு!" என்று ஒரு அதட்டல். அதன்பிறகு முதல் குவளை தலையில் விழுந்தது. அது தலையில் விழுகிற சத்தம்தான், எனக்குத் தெரியும். அடுத்தது. அதற்கடுத்தது. தொட்டித் தண்ணீரையெல்லாம் தீர்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார், முடியெல்லாம் குத்திட்டு நிற்க, வழியெல்லாம் சொட்டிக்கொண்டு.

நான் மேஜையில் இதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "பாப்லுவுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையைத் துவட்டினார். "கண்ணாடி தானா உடைஞ்சு போச்சுன்னு எழுதிடேன். மனசு கஷ்டப்படுவான்" என்றார்.

கண்ணாடி உடையவில்லை. நான்தான் கழற்றச் சொன்னேன்.

அம்மா